சப் கார்டுக்காரி

மகள் பட்டம் வாங்குவதை மண்டபத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்க்க நாலு லட்சம் பாயிண்ட். இதற்கெல்லாம் விலை போட முடியாது என்று சொல்கிறவர்கள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்காராதவர்கள். நான் மலேசியாவில், அலோர் ஸ்டாரில், மளிகைக் கடைக்காரர் மகள். விலை தெரியாத பொருளை எங்கள் அப்பா தொடக்கூட விடமாட்டார். என் கல்யாணத்துக்கு மண்டபக்காரரிடம் அவர் பேசிய பேரத்தில் மேளம் இனாமாக வந்தது. மேளக்காரர் கடைசி வரைக்கும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆகவே நாலு லட்சம் என்று கேட்டபோது எனக்கு மலைப்பு ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன்.

தொடங்கியது ஒரு சனிக்கிழமை, கூலிமில், பேரங்காடி வாசலில். பேங்க்காரர்கள் மேசை போட்டு, பின்னால் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். கார்டு எடுத்தால் சக்கரம் வைத்த பெட்டி இனாம். டை கட்டிய ஒருத்தர், சட்டையில் குணாளன் என்று பெயர், என்னை மறித்தார்.

“அக்கா, கேஷ் பேக் வேணுமா, பாயிண்ட் வேணுமா?”

“ரெண்டையும் கொடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்?”

“அப்படி இல்லக்கா. கேஷ் பேக்னா நூறு வெள்ளி செலவு பண்ணா ஒரு வெள்ளி பில்லுல கழியும். பாயிண்ட்னா ஒரு வெள்ளிக்கு ரெண்டு பாயிண்ட். சேர்த்து வச்சா சாமான் எடுக்கலாம், ப்ளைட் டிக்கெட் எடுக்கலாம்.”

என் உடம்பில் ஓடுவது கேஷ் பேக் ரத்தம். ஒரு வெள்ளி, ஒரே ஒரு ரிங்கிட் என்றாலும் இந்த மாதமே கழிய வேண்டும். பாயிண்ட் என்பதைத் தொட்டுப் பார்க்க முடியாது, உரசிப் பார்க்க முடியாது, திருப்பிக் கொடுத்து வேறு கேட்க முடியாது. வேண்டாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் முந்திக்கொண்டார். ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் டெக்னீஷியன் அவர். ஷிப்ட் வேலை, அளந்துதான் பேசுவார்.

“பாயிண்ட் எடு தேவகி. ஒரு வெள்ளி திரும்பி வந்தா நீ அதுக்கும் கடுகு வாங்கிப் போடுவ. பாயிண்ட் சேர்ந்தா ஒருநாள் லண்டன் போவோம்லா.”

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் பினாங்குக்கு அப்பால் ஓர் ஊரின் பெயரை அந்த மனிதர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். எனக்குள் எங்கேயோ ஒரு தராசுத் தட்டு இறங்கியது. இருந்தாலும் கணக்குப் போட்டேன். லண்டன் போய்வர நாலு லட்சம் பாயிண்ட். அதற்கு ரெண்டு லட்சம் வெள்ளி செலவு செய்ய வேண்டும். அதே ரெண்டு லட்சத்துக்குக் கேஷ் பேக் ரெண்டாயிரம் வெள்ளிதான். டிக்கெட்டோ நாலாயிரத்துக்குக் குறையாது. பாயிண்டில் இரட்டிப்பு.

“இது கெட்டுப்போகுமா? தேதி போட்டிருப்பீங்களே.”

“இந்தக் கார்டுக்குக் கிடையாதுக்கா. ஆயுசுக்கும் இருக்கும்.”

“யாரு ஆயுசு? பேங்க் ஆயுசா, என் ஆயுசா?”

குணாளன் சிரித்துக்கொண்டே சம்பளச் சீட்டு கேட்டார். அப்போது நான் கூலிமில் சொந்தமாக ஒரு கடை போட்டிருந்தேன். மசாலைத் தூள், பூஜைச் சாமான், தவணைக்குப் புடவை. அந்தக் கடையில் எனக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுக்க என்னைத் தவிர ஆள் இல்லை. ஆகவே என் வீட்டுக்காரர் பெயரில் பிரின்சிபல் கார்டு, அதற்குத் துணையாக எனக்குச் சப்ளிமெண்டரி கார்டு. வாய்க்குள் நுழையாததால் சப் கார்டு.

“ரெண்டு கார்டு போட்டாலும் பாயிண்ட் ஒரே கணக்குலதான்கா விழும்” என்றார் குணாளன். யார் கணக்கில் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் பெட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்தது பள்ளிக்கூடப் பை அளவு. ரெண்டு கார்டு எடுக்கிறோம், மேலே இருக்கிற பெரியதைக் கொடுங்கள் என்று இருபது நிமிஷம் நின்று, கருநீலத்தில் ஆள் படுக்கும் அளவுக்கு ஒன்றை வாங்கினேன். வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு உருட்டி வந்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் தெரிந்தவர்கள் பர்சை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பேரங்காடி வரிசையில் எனக்கு முன்னால் யாராவது நோட்டை எடுத்தால் போதும். “காசை எங்கிட்ட கொடுங்க, நான் கார்டு போடுறேன்.” எண்ணெய் நிலையத்தில் பக்கத்துக் காருக்கும் நானே. எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கினாலும் முதலில் எனக்குத்தான் சேதி வரும். அடுத்த வீட்டு அகத்தா தன் மகன் கென்னத் கல்யாணத்துக்குச் சாப்பாட்டுக்காரருக்குப் பதினாலாயிரம் வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. பிஸ்கட் டின்னில் ரொக்கம் வைத்திருந்தாள். மாதா கோயிலில் கல்யாணப் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே சாப்பாட்டுக்காரரைப் பின்வாசலில் பிடித்துக் கார்டு போட்டுவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஏன் தேவகி, ஆண்டவர் பார்க்கிறாரு” என்றாள் அகத்தா.

“பார்க்கட்டும். இருபத்தெட்டாயிரம் பாயிண்ட்.”

ஒவ்வொரு மாதமும் பதினெட்டாம் தேதி, பில் தொகையை ரொக்கமாக எண்ணி என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். அவர் பேங்க்கில் கட்டுவார். முதல் சில வருஷம் பில் தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் பாயிண்ட் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பேன். பிறகு பேங்க் காகிதத்தை நிறுத்திவிட்டது. எல்லாம் அவர் போனில் என்று ஆனது. நான் கேட்பேன், அவர் போனைப் பார்த்து வாசிப்பார், நான் நாட்காட்டித் தாளில் எழுதி வைப்பேன். கணவன் மனைவிக்குள் அந்தரங்கம் என்று எங்களுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் ஒரே மகள் ஷாமளா உபகாரச் சம்பளம் கிடைத்து மருந்தியல் படிக்க லண்டனுக்கு மேற்கே இருக்கும் கார்டிஃபுக்குப் போனாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டு, “பட்டம் வாங்குறப்ப முதல் வரிசையில நான் இருப்பேன். பாஸ்போர்ட்டும் இருக்கு, பெட்டியும் இருக்கு” என்றேன். அந்தப் பாஸ்போர்ட்டை ரெண்டு தடவை புதுப்பித்துவிட்டேன், ஒரு முத்திரை விழுந்ததில்லை. பெட்டி அலமாரி மேல் பழைய போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

போன டிசம்பரில் அந்தப் பெட்டிக்கு முதல் பயணம் வந்தது. என் நாத்தனார் புஷ்பவள்ளிக்காக.

அண்ணி கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அக்கா மட்டுமில்லை, அம்மா மாதிரி. ரப்பர் மரத்தில் பால் வெட்டி அவரைப் படிக்க வைத்தவர். அண்ணியும் அவர் வீட்டுக்காரர் காளிதாசன் அண்ணனும் மகன் லோகேஸ்வரனும் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்க்கப் போகிறார்களாம். லோகேஸ்வரனுக்குப் பெரிய போனஸாம், அவன்தான் டிக்கெட் போட்டானாம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெட்டியை இறக்கித் துடைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மிளகாய் அச்சார், தைலம், வயிற்றுப்போக்கு மாத்திரை எல்லாம் என் கடையிலிருந்து எடுத்து உள்ளே அடுக்கினேன். வழிச்செலவுக்கு என்று அண்ணி கையில் முந்நூறு வெள்ளி வைத்தேன். அப்புறம், அங்கே கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி, என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன்: “பாருங்க, பிள்ளைன்னா இது பிள்ளை. சம்பாதிச்ச முதல் பெரிய காசுல அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறான். நீங்க என்னைப் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக எத்தனை வருஷம் ஆச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். லோகேஸ்வரன் காலில் கல் குத்தியது போல் குனிந்துகொண்டான். அடக்கமான பையன் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் உளுந்து வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அண்ணி எனக்கு ஓர் எவர்சில்வர் குங்குமச் சிமிழ் கொண்டுவந்தார். பெட்டிச் சக்கரத்தில் ஒன்று உடைந்திருந்தது. இனாமாக வந்த பெட்டிதானே என்று விட்டுவிட்டேன்.

இந்த மே மாதம், நான் கடையில் சாம்பிராணி நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஷாமளா போன் செய்தாள்.

“அம்மா, பட்டமளிப்பு கான்வோவுக்குக் கூட வர்றவங்களுக்கு ரெண்டு சீட் கொடுக்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு கொடுக்கணும். உங்க சீட்டை என் பிரண்டு கேட்கிறா. கொடுத்துடவா?”

“என் சீட்டை எதுக்குடி அவளுக்குக் கொடுக்கிற?”

“அப்பாதான் சொன்னாரு, நீங்க வரல, கடையை விட்டுட்டு வர முடியாதுன்னு. போன மாசமே சொல்லிட்டாரே.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் ஒண்ணும் கோவிச்சுக்கலம்மா.”

கோபித்துக்கொள்ளாத குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அப்படி இல்லை.

“யாருக்கும் கொடுக்காத” என்று சொல்லி, சாம்பிராணி வாங்க வந்தவரை நாளைக்கு வரச்சொல்லிக் கதவை இழுத்துவிட்டேன். பேங்க்குக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“மேடம், நீங்க பிரின்சிபல் கார்டா, சப்ளிமெண்டரியா?”

“சப்.”

“பாயிண்ட் விவரம் பிரின்சிபல் கார்டு ஹோல்டருக்குத்தான் சொல்ல முடியும் மேடம். பாயிண்ட் அவருக்குத்தான் சொந்தம்.”

“ஒன்பது வருஷமா கார்டு போட்டது நான்மா.”

“புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வீட்டுக்குப் போனேன். பகல் மூன்று மணி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் போன். அதன் ரகசிய எண் எங்கள் கார் நம்பர். வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அவருக்கு அந்த ஒரு நம்பர்தான். திறந்தேன். நாட்காட்டியில் அவர் சொல்லி நான் எழுதிய எண்: நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. போனில் இருந்த எண்: இருபத்திரண்டாயிரத்து அறுநூறு.

கீழே இழுத்துப் பார்த்தேன். நவம்பர் மாதம். பினாங்கு–சென்னை, போய்வர, மூன்று பேர். புஷ்பவள்ளி, காளிதாசன், லோகேஸ்வரன். தலைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. வியப்பு. டிசம்பரிலிருந்து மே வரைக்கும் ஒவ்வொரு மாதமும் நான் கேட்க, அவர் போனைப் பார்த்து, நிஜ எண்ணோடு மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைக் கூட்டி, தடுமாறாமல் வாசித்திருக்கிறார். ஷாமளாவின் ஆறாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித்தரச் சொன்னால் தலைவலி என்று படுத்துக்கொண்ட மனிதர்.

எழுப்பவில்லை. சமைத்தேன். எழுந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்குப் பக்கத்தில் அவர் போனையும் நாட்காட்டித் தாளையும் வைத்தேன். பார்த்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

“அக்கா கேட்டுச்சு” என்றார். “வாழ்க்கையில முதல் தடவையா என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. அது பால் வெட்டலைன்னா நான் ஏது தேவகி?”

“அதை நான் இல்லன்னு சொன்னேனா? என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?”

நியாயமான கேள்வி. யோசித்தேன். “முழுசா கொடுத்திருக்க மாட்டேன். அண்ணிக்கு ஒரு டிக்கெட் கொடுத்திருப்பேன். மத்த ரெண்டுக்கும் லோகேஸ்வரனைக் காசு கட்டச் சொல்லியிருப்பேன். அவனும் கட்டியிருப்பான்.”

“பாயிண்ட்தானே தேவகி. காசா எடுத்துக் கொடுத்தேன்? மறுபடி சேர்ந்துடும்லா.”

“மறுபடி சேர ஒன்பது வருஷம். ஷாமளாவை ஒன்பது வருஷம் படிக்கச் சொல்லட்டுமா?”

சோற்றைப் பிசைந்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, சமாதானம் சொல்கிற குரலில் அதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நீ போகமாட்டேன்னுதான் நினைச்சேன். நீ எங்க அவ்வளவு தூரம் தனியா போகப்போற? இங்கிலீஷ் வேற உனக்குச் சரியா வராது. சும்மா சேர்த்து வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கிறதுல உனக்கு ஒரு சந்தோஷம்னு நினைச்சேன்.”

ஒன்பது வருஷம். பேரங்காடி வரிசையில் ஊரார் நோட்டைப் பிடுங்கியது, கோயில் பின்வாசலில் சாப்பாட்டுக்காரரை மடக்கியது. எல்லாம் பொழுதுபோகாமல் நான் விளையாடிய விளையாட்டு என்று ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு நினைத்திருக்கிறார். லண்டன் என்று வாயைத் திறந்த அந்தச் சனிக்கிழமையே அவர் அதை நம்பியிருக்கவில்லை. கேஷ் பேக் எடுத்திருந்தாலும் இதேதான். அதுவும் அவர் பில்லில்தான் கழிந்திருக்கும். நான் தப்பாகத் தேர்ந்தெடுத்தது கார்டை இல்லை என்று அந்தத் தட்டுக்கு எதிரில் நின்றபோது தெரிந்தது.

சாயங்காலமே அண்ணி வந்துவிட்டார், கையில் ஒரு பை முறுக்கோடு. லோகேஸ்வரன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமல் வாசலிலேயே நின்றான்.

“என்ன தேவகி, தம்பியைச் சாப்பாட்டுல வச்சுக் கேள்வி கேட்டியாமே. பாயிண்ட்தானே எடுத்தோம், உன் நகையையா எடுத்தோம்?”

“நகையை எடுத்திருந்தா போலீசுக்குப் போயிருப்பேன் அண்ணி. இதுக்கு எந்த ஸ்டேஷன்னு தெரியலை.”

“தம்பி கார்டு, தம்பி கொடுத்துச்சு.”

“சரி. அப்ப ஏன் அண்ணி எல்லாருக்கும் லோகேஸ்வரன் போனஸ்னு சொன்னீங்க?”

அண்ணி முறுக்குப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “உனக்குச் சொன்னா நீ விடமாட்டேன்னு தம்பிதான்...”

“உங்க எதிர்லதானே அந்தப் பையனைப் புகழ்ந்தேன். முந்நூறு வெள்ளியை வாங்கிக்கிட்டீங்களே.”

வாசலிலிருந்து லோகேஸ்வரன், “அத்தை, நான் சொல்லிடலாம்னுதான் சொன்னேன்” என்றான். “நீ சும்மா இருடா” என்றார் அண்ணி. முறுக்கை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல முறுக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை, கூலிம் டவுனில் இவாஞ்சலின் கடைக்குப் போனேன். விமான டிக்கெட் போடுகிறவள். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் என்னிடம்தான் மசாலை அரைப்பாள். ஜூலை மாதம், லண்டன், போய்வர, ஓர் ஆள்.

“ஐயாயிரத்து நானூறு வருதுக்கா. அண்ணனுக்கும் சேர்த்துப் போடவா?”

“ஒண்ணு போதும். மசாலைக்காரிக்கு என்ன விலை?”

கொஞ்ச நேரம் இழுத்து, அறுபது வெள்ளி குறைத்தாள். “ஐயாயிரத்து முந்நூற்று நாப்பது. காசா, கார்டா?”

பையில் ரெண்டும் இருந்தன. கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த ரொக்கம் ஆறாயிரம். பக்கத்தில் சப் கார்டு, மூலை தேய்ந்து, என் பெயரில் பாதி எழுத்து அழிந்து. அதைத்தான் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேங்க்குப் பெண் ஒன்று சொன்னாள்: பாயிண்ட் பிரின்சிபலுக்குச் சொந்தம். அவள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. பில்லும் பிரின்சிபலுக்குத்தான் சொந்தம். ஒன்பது வருஷமாக நான்தான் பதினெட்டாம் தேதி எண்ணிக் கொடுத்து அதை அவருக்கு மறக்கடித்திருந்தேன்.

“கார்டு” என்றேன்.

இவாஞ்சலின் மெஷினில் சொருகினாள். “இதுக்குப் பாயிண்ட் விழுமாக்கா?”

“விழும். அவருக்கு.”

ரசீதை வாங்கிக்கொண்டு ஷாமளாவுக்குப் போன் போட்டேன். அங்கே விடியாத நேரம். தூக்கக் குரலில் எடுத்தாள். ஒரு சீட் என் பெயருக்கு, இன்னொன்றை உன் பிரண்டுக்குக் கொடுத்துவிடு என்றேன். அப்பா, என்று கேட்க ஆரம்பித்தாள். ஷிப்ட் என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய். அதையும் அவருக்காகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி, வழக்கம்போல் ரொக்கத்தை எண்ணி அவர் முன்னால் வைத்தேன். அரிசி, எண்ணெய், பெட்ரோல், அகத்தா வீட்டு மின்விசிறி: ஆயிரத்து எண்ணூற்று எழுபது வெள்ளி. அவர் எண்ணிவிட்டுப் போனைப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

“குறையுதே தேவகி.”

“சரியா எண்ணிப் பாருங்க. உங்களுக்கு இப்ப கணக்கு நல்லா வருதே.”

போனில் பில்லைக் கீழே இழுத்துப் பார்த்தார். டிக்கெட் என்று தெரிந்ததும், “போறியா?” என்று மட்டும் கேட்டார். போகிறேன் என்றேன். எழுந்து போய் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி, உடைந்த சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். வேறு சக்கரம் போட்டுத் தரட்டுமா என்றார். வேண்டாம், தூக்கிக்கொண்டே போகிறேன் என்றேன்.

அன்றைக்கு நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்கை முடித்து எழுதினேன். இனி அவர் வாசித்து நான் எழுதப்போவதில்லை.

ஒன்பது வருஷத்தில் சேர்த்தது: 4,12,600 பாயிண்ட்.
அண்ணி குடும்பத்துக்குப் போனது: 3,90,000.
மீதி: 22,600.
என் டிக்கெட்டுக்கு விழுந்தது: 10,680.
ஆக மொத்தம் 33,280. எல்லாம் அவருக்கு.
டிக்கெட் 5,340 வெள்ளி. அவர் கட்ட வேண்டியது. மூன்று தவணை கேட்டிருக்கிறாராம், பேங்க்கில்.
கோயில் வழிச்செலவு, அண்ணி கையில் கொடுத்தது: 300 வெள்ளி. இன்னும் வரவில்லை.